மூலைக்கு ஒன்பதரை மதிப்பெண்

அந்தப் பெட்டியை மேலே வைக்காதீர்கள். யாராவது சூட்கேஸை நகர்த்தினால் மூலை நசுங்கிவிடும். என்ன சொன்னீர்கள்? மூலை நசுங்கினால் நசுங்கட்டும், உள்ளே இருக்கிற கார் ஓடினால் போதும் என்றா? இன்னொரு தடவை சொல்லுங்கள். நல்லது. உங்களோடு பேசலாம். கோயம்புத்தூரில் ரயில் ஏறியதிலிருந்து வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திறந்தால் கோபம்தான் வரும் என்று தெரியும்.

யாருக்கு? தங்கை மகளுக்கா? கொடுங்கள், பார்க்கிறேன். ரிமோட் கார். கதவு திறக்காது. கதவு மாதிரி ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டியரிங் ஸ்டிக்கர். போகட்டும். பாப்பா வாங்கியதும் அட்டையைக் கிழித்துக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிடுவாள் இல்லையா? எறிய வேண்டும். அப்படி எறியும் ஜாதி இன்னும் இருக்கிறது என்று கேட்கவே ஆறுதலாக இருக்கிறது.

என் பெயர் நாச்சிமுத்து. கணபதியில் டை காஸ்டிங் பட்டறை வைத்திருந்தேன். இருந்தேன் என்று சொல்ல நாக்கு இன்னும் பழகவில்லை. போன ஆவணியில் மூடினேன். பம்புசெட்டுக்கு உதிரி வார்க்கிற பட்டறை என்று நினைக்காதீர்கள். அதற்கு எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். நான் வார்த்தது வண்டிகள். துத்தநாகத்தில், நிஜ வண்டியை நாற்பத்து மூன்றால் வகுத்த அளவில். தோராயமாக நாற்பத்து மூன்று இல்லை. நாற்பத்து மூன்று.

ஒரு நிமிடம். இந்தப் பையில் இருக்கிறது. உங்கள் தட்டை இறக்குங்கள்.

பாருங்கள். அறுபதுகளில் சேலம் ரோட்டில் ஓடிய மூக்கு வைத்த லாரி. மூக்கைத் தூக்குங்கள், நகத்தால் தூக்கினால் வரும். உள்ளே இன்ஜின். அந்தக் காற்றாடியை விரலால் தட்டுங்கள். சுற்றுகிறதா? கதவு இரண்டும் திறக்கும். இப்போது ஸ்டியரிங்கைத் திருப்புங்கள். முன் சக்கரத்தைப் பாருங்கள். திரும்புகிறதா இல்லையா? இந்த அளவில் ஸ்டியரிங்கோடு சேர்ந்து சக்கரம் திரும்புகிற லாரி இந்தியாவில் வேறு யாரும் வார்க்கவில்லை. தள்ளிவிடுங்கள். சத்தம் கேட்டதா? கர்ர் என்று ஒரே சீராக வரும். நாலு வருடம் ஆயிற்று அந்தச் சத்தத்துக்கு. மூன்று வருடம் பத்து மாதம்.

பொம்மை என்று சொன்னீர்கள், பிறகு மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்க்கிறீர்கள். எதற்கு? பொம்மைதான். பொம்மை என்றால் விளையாடுகிற சாமான். கலெக்டிபிள் என்று சொல்லியிருந்தால்தான் நான் வேறு சீட்டு தேடியிருப்பேன்.

டீ வேண்டாம்ப்பா. உங்களுக்கு? வேண்டாமாம், போ.

ஆரம்பத்தில் என்னிடம் வண்டி வாங்கியவர்கள் விளையாடினார்கள். நாற்பது வயது, ஐம்பது வயது ஆட்கள். டாக்ஸி ஸ்டாண்டு வைத்தவர், ரைஸ் மில்காரர், ஒரு சப் ரிஜிஸ்டிரார். வாங்கி மேசைமேல் வைத்துத் தள்ளுவார்கள். பெயிண்ட் உதிர்ந்தால் எடுத்துக்கொண்டு வருவார்கள், திட்டிவிட்டு அடித்துக் கொடுப்பேன். அப்புறம் ஒரு கூட்டம் வந்தது. அந்தக் கூட்டம் பெட்டியைத் திறக்காது. சீல் உடையாத பெட்டிக்குத்தான் மறு விற்பனையில் மதிப்பாம். சரி, பைத்தியக்காரர்கள் நாலு பேர் எங்கும் இருப்பார்கள் என்று விட்டேன். நாலு நாற்பதாயிற்று, நாற்பது நானூறாயிற்று. பிறகு பெட்டிக்கு மதிப்பெண் போடுவதற்கென்றே மும்பையில் ஒரு நிறுவனம் வந்தது. பெயர் சொல்ல மாட்டேன், இலவச விளம்பரம் ஆகிவிடும். பெட்டியை அனுப்பினால் பூதக்கண்ணாடி வைத்து மூலைகளைப் பார்ப்பான். எட்டு மூலை. கூர்மையாக இருந்தால் பத்துக்கு ஒன்பதரை. அதைக் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் கூண்டில் போட்டு உருக்கி ஒட்டி, மதிப்பெண்ணை மேலே பொறித்துத் திருப்பி அனுப்புவான். இனிமேல் எந்த ஜன்மத்திலும் திறக்க முடியாது. மூலைக்கு மதிப்பெண்! பெட்டியின் அட்டை சிவகாசியில் அடித்தது. அதற்கு ஒன்பதரை. நான் நாலு வருடம் செத்துச் செய்த முன் சக்கர அச்சுக்குப் பூஜ்யம்கூடக் கிடையாது. பூஜ்யம் போடவாவது பார்க்க வேண்டும் இல்லையா?

நீங்களே யோசியுங்கள். திறக்கவே போவதில்லை என்றால், உள்ளே கதவு திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன? ஓசூரில் ஒருத்தன் இதை யோசித்தான். பெட்டிக்கு வெல்வெட் ஒட்டினான், தங்க எழுத்து அடித்தான், உள்ளே சீனாவிலிருந்து கிலோக் கணக்கில் வருகிற சாமானை வைத்தான். அமோகமாக விற்றது. ஒரு புகார் வரவில்லை. எப்படி வரும்? ராஜபாளையத்தில் தகர ரயில் செய்துகொண்டிருந்தவர் மூடினார். புதுச்சேரியில் மரக் கப்பல் செய்த ஒரு அம்மா மூடினார். நான் மூடவில்லை. நான் பிடிவாதக்காரன். இந்த லாரியை ஆரம்பித்தேன்.

இருநூறு லாரி. அதற்குமேல் ஒன்றுகூடக் கிடையாது, வார்க்கிற மோல்டான டையை உடைத்துவிடுவேன் என்று அறிவித்தேன். இருநூறும் செய்து முடித்து ஆறு வருடம் ஆகிறது. ஐந்து வருடம் பதினொரு மாதம்.

எங்கள் பட்டறையில் நாலு பேர். நான், உருக்குகிற ஆள் ஒருத்தர், பெயிண்ட் அடிக்கிறவர் ஒருத்தர், மயிலாத்தாள். மயிலாத்தாள் சக்கரம் மாட்டுவாள், கடைசியில் பெட்டி கட்டுவாள். பதினாலு வருடம் என்னிடம் இருந்தாள். லாரியைப் பட்டர் பேப்பரில் சுற்றி, தெர்மோகோல் பள்ளத்தில் உட்கார வைத்து, மூடி போட்டு, பெட்டியை மூடி, என் கையெழுத்துப் போட்ட சிவப்புத் தாளைச் சீலாகப் பெட்டி வாயில் ஒட்டுவாள். எண்ணை நான் எழுதுவேன். ஒன்று முதல் நூற்றுத் தொண்ணூற்றொன்பது வரை அவள் வேலை. கடைசிப் பெட்டியை மட்டும் முதலாளியே கட்டுவார், அது வெளியே போகாது, வீட்டில் இருக்கும். அது எங்கள் பட்டறை வழக்கம். நான் ஏற்படுத்திய வழக்கம்தான். இருநூறாவதை நான் கட்டியபோது சென்னையிலிருந்து வந்திருந்த பிரபுசங்கர் போட்டோ எடுத்தார். பல் டாக்டர். சேகரிக்கிறவர்கள் சங்கத்துக்குத் தலைவர். போட்டோவில் நான் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அதை இப்போது பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்கிறேன். பெயிண்ட் காய வைக்கிற ரேக்கில், மேல் தட்டில், ஒரு லாரி நிற்கிறது.

புரிகிறதா? இருநூறு லாரி. இருநூறு பெட்டி. நூற்றுத் தொண்ணூற்றொன்பது முந்தின நாளே பார்சல் வண்டியில் ஏறிவிட்டது. ஒன்று என் வீட்டுக்குப் போய்விட்டது. அப்படியிருக்க ரேக்கில் ஒரு லாரி நிற்கிறது. இதோ, நீங்கள் தள்ளிக்கொண்டிருக்கிறீர்களே, இதுதான்.

அப்போது இன்னொன்றும் தெரிந்தது. டம்மியைக் காணோம்.

டம்மி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெட்டி பலமாக இருக்கிறதா என்று பார்க்க, இடுப்பு உயரத்திலிருந்து பத்துத் தடவை கீழே போட்டுப் பார்ப்போம். லாரியை வைத்துப் போட்டால் லாரி உடையும். அதனால் அதே அளவில் ஒரு துத்தநாகக் கட்டை. மற்ற பட்டறையில் ஏதோ ஒரு செங்கல் துண்டைப் போட்டுச் சோதிப்பான். எனக்கு அது ஆகாது. லாரி முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம் என்றால் டம்மியும் முன்னூற்றுப் பன்னிரண்டு. நகைக்கடைத் தராசில் நிறுத்து, அரம் போட்டுத் தேய்த்துக் கொண்டு வந்தேன். மூக்குப் பக்கம் லாரியில் எடை அதிகம், அதனால் டம்மியிலும் மூக்குப் பக்கம் எடை அதிகம். அதை எப்போதும் பட்டர் பேப்பரில் சுற்றித்தான் வைப்பேன். பேப்பர் இருந்தால் ஒரு மாதிரி வழுக்கும், இல்லாவிட்டால் வேறு மாதிரி வழுக்கும், சோதனை சரியாக வராது. ஆட்டிப் பார்த்தாலும், தூக்கிப் பார்த்தாலும், எது லாரி, எது கட்டை என்று கடவுளுக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு கச்சிதம்.

அந்தக் கச்சிதம் இப்போது ஏதோ ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. என் கையெழுத்தோடு. நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரில் ஒருத்தர் என்னிடம் காசு கொடுத்துக் கட்டை வாங்கியிருக்கிறார்.

நான் என்ன செய்வேன்? மயிலாத்தாளைக் கூப்பிட்டேன்.

"டம்மிய எங்க வெச்சே?"

"நா தொடவேயில்லீங்ணா."

"நீ தொடாம அது நடந்தா போகும்? எதுக்குள்ளயோ போட்டுக் கட்டிப்போட்டே."

"நா கட்டுனதுல தப்பு வராதுங்ணா. லாரிய நானே ரேக்குல இருந்து எடுப்பேன், நானே சுத்துவேன். சுத்தி வெச்சத எடுத்து நா கட்ட மாட்டேன்."

"அப்போ வேற யாரு கட்டுனது?" என்று கேட்டேன்.

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திமிர். பதினாலு வருடம் சம்பளம் வாங்கிய இடத்தில் முதலாளி முகத்தை அப்படிப் பார்ப்பதா?

டம்மியை மேசைமேல் வைத்தது நான்தான், அதை நான் மறைக்கவில்லை. பல் டாக்டர் "பெட்டி தாங்குமா சார்?" என்று கேட்டார். தாங்குமா என்று என்னிடம் கேட்கலாமா? உடனே டம்மியை எடுத்துப் பத்துத் தடவை போட்டுக் காட்டினேன். காட்டிவிட்டுப் பேப்பரில் சுற்றி மேசைமேல் வைத்தேன். அவள் எங்களுக்கு டீ வாங்கப் போயிருந்தாள். வந்ததும் அதை அதனுடைய இடத்தில் எடுத்து வைக்க வேண்டாமா? மேசை யாருடைய பொறுப்பு? பெட்டி கட்டுகிறவள் பொறுப்பு. அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன்.

என்ன? இல்லை, அவள் டீ வாங்கி வந்தபோது எல்லாம் கட்டி முடித்தாகிவிட்டது. அதனால் என்ன? அதற்குமுன் எப்போதோ தப்பு நடந்திருக்கும். நீங்கள் அந்தப் பட்டறையைப் பார்த்ததில்லை, உங்களுக்குப் புரியாது.

அவள் போன பிறகு முன் அச்சு யாருக்கும் சரியாக உட்காரவில்லை. புது ஆட்கள் மூன்று பேரைப் போட்டுப் பார்த்தேன். சக்கரம் ஆடும், இல்லை இறுகும். அடுத்த வண்டிக்கு ஆர்டர் குறைந்துவிட்டது. மார்க்கெட் அப்படி. அது வேறு கதை.

நான் காத்திருந்தேன். எதற்கு என்று கேளுங்கள். போனுக்கு. கட்டை வாங்கியவர் பெட்டியைத் திறப்பார், கொதிப்பார், கூப்பிடுவார். "யோவ், என்னய்யா அனுப்பியிருக்கே?" என்று கேட்பார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இந்த லாரியை நானே கொண்டுபோய்க் கையில் கொடுப்பேன். என்ன பேச வேண்டும் என்றுகூடத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒரு வாரம். ஒரு மாதம். ஒரு வருடம். போன் வரவில்லை.

ஒன்று வந்தது. நாமக்கல்லிலிருந்து. செல்லப்பன் என்று ரிட்டயரான லாரி டிரைவர், அறுபத்தொன்றாம் எண். பார்சல் கையில் கிடைத்த அன்று சாயங்காலமே கூப்பிட்டார். கட்டை இவரிடம்தான் போயிருக்கிறது என்று நினைத்தேன்.

"ஸ்டியரிங்கத் திருப்புனா சக்கரம் திரும்புதுங்க!" என்று கத்தினார். "மூக்கத் தெறந்தா உள்ள பேன் பெல்ட்டுகூட வெச்சிருக்கீங்க. ஆனா ஒண்ணுங்க. பந்து ஹாரன் கண்ணாடிக்கு மேல வெச்சிருக்கீங்க. அது கீழதான் இருக்கோணும்."

மேலேதான் என்றேன் நான். அவர் முப்பது வருடம் அமுக்கியிருக்கிறேன், கீழே என்றார். என்னிடம் பழைய போட்டோ இருக்கிறது, மேலே என்றேன். முக்கால் மணி நேரம் சண்டை. போனை வைத்த பிறகுதான் எனக்குப் பசி தெரிந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். ஹாரன் மேலேதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரில் திறந்து பார்த்தது அந்த ஒரு மனுஷன். சங்கத்தில் அவரை என்ன சொன்னார்கள் தெரியுமா? அறுபத்தொன்றாம் எண் செத்துப்போச்சு என்றார்கள். விளையாடினால் செத்துப்போச்சு!

மூன்று வருடம் பொறுத்தேன். பிறகு வாங்கிய எல்லாருக்கும் பதிவுத் தபால் எழுதினேன். ஐயா, என் பட்டறையில் தவறு நடந்துவிட்டது, ஒரு பெட்டியில் லாரிக்குப் பதில் கட்டை இருக்கிறது, தயவு செய்து உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள், கட்டை இருந்தால் லாரியை நேரில் கொண்டு வந்து தருகிறேன். இவ்வளவுதான். இதைவிட நேர்மையாக ஒரு வியாபாரி எழுத முடியுமா?

பல் டாக்டர் போன் செய்தார்.

"என்ன சார், மார்க்கெட்டைக் கெடுக்கறீங்களே?"

"பெட்டிய தெறந்து பாருங்க டாக்டர்."

"தெறக்கறதா? என்னோடது ஒன்பதரை சார்! எட்டு மூலையும் பக்கா!"

"உள்ள லாரி இருக்கான்னு தெரிய வேண்டாமா?"

"எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துட்டேன் சார். பல்லுக்கு எடுக்கற மெஷின், அதனால துண்டு துண்டாத்தான் வந்துச்சு. வெள்ளையாத் தெரியுது. லாரி மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு."

"அதுக்குத்தான் தெறங்கன்றேன்."

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா? கட்டை இருக்கற பெட்டிதான் இப்ப ரேர். ஒண்ணே ஒண்ணு. எல்லாரும் அது தன்னோடதா இருக்கணும்னு வேண்டிக்கறாங்க."

கேட்டீர்களா? நான் வாழ்க்கையில் செய்த ஒரே தப்பு, மன்னிக்கவும், என் பட்டறையில் மயிலாத்தாள் செய்த ஒரே தப்பு, அது மட்டும்தான் இவர்களுக்கு வேண்டும். சரியாகச் செய்த நூற்றுத் தொண்ணூற்றொன்பதை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். அன்றைக்கே அடுத்த வண்டிக்குப் போட்டிருந்த வரைபடத்தைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். எதற்கு வரைவது? யார் பார்க்க? இருநூறு கட்டையை வார்த்து வெல்வெட் பெட்டியில் போட்டால் போதுமே. அதை நான் செய்யவில்லை. அதனால்தான் மூடினேன். இருந்த டை எல்லாம் பழைய இரும்புக்குப் போயிற்று. எடுக்க வந்தவன் கேட்டான், "ஏனுங்க, இதுல என்ன செய்வீங்க?" என்று. சொல்லவில்லை.

இப்போது எதற்குச் சென்னைக்குப் போகிறேன் என்று கேட்டீர்கள் இல்லையா? நாளைக்குச் சங்கத்தின் ஆண்டு விழா. எனக்குச் சாதனையாளர் விருதாம். பட்டறையை மூடியவனுக்கு விருது. என்னுடைய இருநூறாம் எண் பெட்டியைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள், மேடையில் கண்ணாடிக்குள் வைத்துக் காட்ட. "சீல் பத்திரம் சார்" என்று மூன்று தடவை போன். வருகிறேன் என்றேன். எதற்குத் தெரியுமா? மைக் என் கையில் வரும். அப்போது சொல்லப் போகிறேன். நீங்கள் எல்லாரும் கோழைகள். காசு கொடுத்து வாங்கிய சாமானைப் பார்க்கப் பயப்படுகிறவர்கள். உள்ளே கட்டை இருக்குமோ என்று பயம், அதைவிட லாரி இருக்குமோ என்று பயம். ஆளுக்கொரு பெட்டியை இப்போதே மேடையில் திறந்து காட்டுங்கள், ஆண்பிள்ளையாக இருந்தால். இதை எழுதியே வைத்திருக்கிறேன். நாலு பக்கம்.

அதற்கு முன்னால் கடைசியாக ஒரு முயற்சி என்று போன புதன்கிழமை மயிலாத்தாளைப் பார்க்கப் போனேன். ஆமாம், நானாகத்தான் போனேன். எந்த எண்ணில் தப்பு நடந்தது என்று அவளுக்கு ஞாபகம் வந்தால், மேடையில் அந்த ஆளை எழுப்பி நிறுத்திக் கேட்கலாம் இல்லையா? நீலாம்பூரில் ஆன்லைன் சாமான் கிடங்கு ஒன்றில் இருக்கிறாள். அங்கேயும் பெட்டி கட்டுகிற வேலைதான். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிட வெளியே விடுவார்கள், பதினைந்து நிமிடம். கேட்டுக்கு எதிரில் வேப்ப மரத்தடியில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"வாங்ணா. நல்லா இருக்கீங்களா? பட்டறைய மூடிப்போட்டீங்களாமா?"

"அத விடு. இங்க வேல எப்படி?"

"போகுதுங்ணா. ஒரு நாளைக்கு அறுநூறு பெட்டி. உள்ள என்ன இருக்குன்னு பாக்கக்கூடாது. மேல இருக்கற பார்கோட்ட ஸ்கேன் பண்ணி ஒட்டி அனுப்போணும்."

"அந்த டம்மி எதுல போச்சுன்னு இப்பவாச்சும் சொல்லு மயிலாத்தா."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்ணா, எல்லாத்துக்கும் லெட்டர் போட்டீங்களாமா? தெறந்து பாருங்க, தெறந்து பாருங்கன்னு."

"போட்டேன்."

"உங்க பெட்டியத் தெறந்து பாத்தீங்களா?"

என்னைப் பார்த்து! நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில்! கைவிரலால் செய்து, அதே விரலால் சீல் ஒட்டிய என்னைப் பார்த்துக் கேட்கிறாள், அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக என்னைச் சேர்த்து. "வாயை அடக்கிப் பேசு" என்றேன். "போச்சாதுங்ணா, பரவாயில்ல, சாப்ட்டுப் போட்டுப் போறீங்களா?" என்றாள். நேராகப் போய்ப் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

என்னுடையது வேறு. என்னுடையதை எதற்குத் திறப்பது? அது முதலாளி கட்டியது. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? மேலும் சீல் உடைந்துவிட்டால், மூலை...

ஏன் அந்தப் பையையே பார்க்கிறீர்கள்?

ஆமாம், அதில்தான் இருக்கிறது. சிரிக்கிறீர்களா? சிரிக்கவில்லையா? சிரிக்காமல் இருப்பது அதைவிட மோசம். அவளும் இப்படித்தான் பார்த்தாள், பட்டறையில், அன்றைக்கு.

திருப்பூர் போய்விட்டதா? போயிருக்கும்.

யோசித்துப் பார்த்தால், மேசைமேல் சுற்றி வைத்தது இருந்தது. டாக்டர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "சார், இங்க பாருங்க, இங்க பாருங்க" என்றார். நான் பார்த்தேன். சிரித்தேன். கையால் எடுத்தேன். கனம் சரியாக இருந்தது. கனம் சரியாகத்தானே இருக்கும்.

இந்தாருங்கள். நீங்கள் திறந்து பாருங்கள். நான் திறக்க மாட்டேன். ஒட்டிய கையே கிழிக்கக்கூடாது. அது வழக்கம். என்ன வழக்கம் என்று கேட்காதீர்கள், இப்போதுதான் ஏற்படுத்தினேன். கத்தி வேண்டாம், சாவி போதும். நடுவில் கீறாதீர்கள், ஓரமாக. ஆ, போயிற்று மூலை. பரவாயில்லை, செய்யுங்கள். தெர்மோகோல் மூடி மேல் பக்கமாக வரும், இழுக்காமல் தூக்குங்கள். பட்டர் பேப்பர் தெரிகிறதா? பிரியுங்கள். என்னிடம் எதுவும் சொல்ல வேண்டாம். தட்டில் வைத்துத் தள்ளுங்கள், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். காதால் கேட்டுக்கொள்கிறேன்.

தள்ளுங்கள்.

தள்ளினீர்களா?

இன்னொரு தடவை.

சரி. கொடுங்கள் இப்படி.

முன்னூற்றுப் பன்னிரண்டு கிராம். கையில் வைத்துப் பாருங்கள், இந்தக் கையில் லாரி, இந்தக் கையில் இது. வித்தியாசம் தெரிகிறதா? தெரியாது. மூக்குப் பக்கம் தாழ்கிறதா? இரண்டும் ஒரே அளவு தாழும். யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. யாராலும்.

ஈரோடு வர எவ்வளவு நேரம்? நான் இறங்கிக்கொள்கிறேன். விருதைத் தபாலில் அனுப்பட்டும், பெட்டிக்குள் போட்டு. அந்த நாலு பக்கம் இந்தப் பையில்தான் எங்கோ இருக்கிறது, இருக்கட்டும். இப்போது எதிர் வண்டி பிடித்தால் ஒரு மணிக்குள் நீலாம்பூர் போய்விடலாம். பதினைந்து நிமிடம்தான் வெளியே விடுவார்கள், தாமதிக்கக்கூடாது. இந்த லாரியை அவளிடம் கொடுக்கப் போகிறேன். பெட்டி இல்லாமல். முன் அச்சு அவள் மாட்டியது, பார்த்ததும் தெரிந்துகொள்வாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. அதை நான் அவளிடமே சொல்வேன், அந்த நாலு பேர் முன்னாலேயே சொல்வேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள் பாருங்கள், அது சரியில்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

கட்டையா? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவிடம் காருக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள், மோதி விளையாட நன்றாக இருக்கும். உடையாது. நான் செய்தது.